தூதரகத்தில் என்னதான் வேலை?

கேள்வி: வெளிநாடுகளில் இருக்கும் நம் தூதரக அதிகாரிகளுக்கு என்னதான் வேலை? கோட்டு போட்டுக்கொண்டு விருந்துக்குப் போவதும், வருகிற மந்திரிக்குப் பூங்கொத்து கொடுப்பதும் தவிர அவர்கள் வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. எல்லாம் நம் வரிப்பணம்தானே?
(வாசகர், வலங்கைமான்)

பதில்: வலங்கைமான்காரர் இதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று ஒரு சுற்று போய் வாருங்கள், சபராளி (பிழைக்க வெளிநாடு போனவர்) இல்லாத தெரு எத்தனை என்று எண்ணிக்கொண்டு வந்து சொல்லுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா என்று கேட்ட கையோடு ரியால் இன்றைக்கு என்ன ரேட்டு என்று கேட்கிற ஜில்லா இது. தூதரகம் எதற்கு என்று வேறு யார் கேட்டாலும் பரவாயில்லை.

விருந்து உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நம் ஊரில் பாதி சம்பந்தம் கல்யாணப் பந்தியில்தான் பேசி முடிகிறது. அதே மாதிரிதான் அதுவும். அங்கே காதில் விழுந்ததை ராத்திரியே உட்கார்ந்து டெல்லிக்கு எழுத வேண்டும். எல்லா விருந்தும் தேவைதானா என்று எனக்கும் சந்தேகம் உண்டு, சரி, அதை விடுங்கள்.

நீங்கள் பார்க்காத வேலையைச் சொல்கிறேன். திருவையாற்றுப் பக்கம் ஒருவர் இருக்கிறார். வளைகுடா நாடுகளில் தூதரக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூதர் இல்லை, அதற்குப் பல படி கீழே. ஊரில் அவரை ‘துபாய்க்காரர்’ என்கிறார்கள், துபாயில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று பெட்டி கட்டியே காலம் போனதால் எந்த ஊர்க்காரர் என்று தனக்கே குழப்பம், அதனால் திருத்துவதில்லை என்று சிரிக்கிறார்.

அவர் மேஜைக்குத் தினமும் வந்தது சாவுதான். அங்கே ஒருவர் இறந்தால் ஆஸ்பத்திரிச் சான்று, போலீஸ் கடிதம், கஃபீல் என்கிற, விசா கொடுத்த முதலாளியின் கணக்குத் தீர்ப்பு, குடும்பத்தின் சம்மதக் கடிதம், உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, அப்புறம் விமானத்தில் கார்கோ இடம், இத்தனையும் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி நகராது. அங்கேயே அடக்கம் செய்வதாக இருந்தாலும் வீட்டாரின் சம்மதம் வேண்டும். ஒருமுறை நம் பக்கத்து ஆள் ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டார். பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் செல்வி, ஊரிலிருந்து வந்த கடிதத்தில் தமிழ்ச்செல்வி. இரண்டும் ஒருவர்தான் என்று அந்த நாட்டு அதிகாரியை நம்ப வைக்க ஆறு நாள் ஆனதாம். நடுவில் இவரே வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். பாடி எப்ப வரும் என்று கேட்பார் என்று பதிலை யோசித்து வைத்திருந்தால், அந்தம்மா கேட்டது, “சார், அவரு சாப்ட்டுட்டுத்தான் படுத்தாங்களா?” இவருக்குத் தெரியவில்லை. லேபர் கேம்பில் கூட இருந்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, ரசம் சாதம் சாப்பிட்டாராம் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஃபைலில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை குத்தும்போது போட்டோ மேல் படாமல் குத்துவாராம், அது மட்டும் தன் இஷ்டம் என்றார்.

வரிப்பணம் என்கிறீர்கள். வழியில்லாத குடும்பத்துக்கு உடலை அனுப்பவும், நடுத்தெருவில் நிற்பவருக்கு டிக்கெட் எடுக்கவும் 2009-ல் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதி இருக்கிறதே, அதில் பெரும்பகுதி தூதரகக் கவுண்டரில் சேவைக்கு வருகிறவர்களிடம் கூடுதலாக வாங்கும் கட்டணம். சபராளியின் காசு சபராளிக்கே.

ஜெயிலில் மாட்டினால் தூதரகம் ஏன் கூட்டி வரவில்லை என்பது அடுத்த கோபம். அங்கே அவர்களுக்கு அதிகாரம் ஏது? தூதரக வேலை பற்றி நாடுகள் செய்துகொண்ட 1963-ம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி, கைதியைப் போய்ப் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். பூட்டைத் திறக்க முடியாது. அந்தப் பார்க்கிற உரிமையை மறுத்ததற்காகத்தான், பாகிஸ்தானில் பிடிபட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2019-ல் பாகிஸ்தானைக் குற்றம் சொன்னது. நாகப்பட்டினம், காரைக்கால் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால், 2010-ல் யாழ்ப்பாணத்தில் திறந்த நம் துணைத் தூதரகத்திலிருந்து சிறைக்குப் போய்ப் பார்க்கிறார்களே, அதுவும் இதே உரிமைதான்.

என் புகார் வேறு. ஐ.எஃப்.எஸ். என்கிற வெளியுறவுப் பணிக்குத் தேறியவருக்கு அரபியோ சீனமோ ருஷ்யனோ ஒரு அந்நிய மொழி கட்டாயம். நல்லது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பட்டுக்கோட்டைத் தமிழில் அழுகிறவனுக்குப் பதில் சொல்ல எல்லாத் தூதரகத்திலும் ஆள் இருக்கிறதா? அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

தூதர் வேலை நமக்குப் புதிதும் இல்லை. ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது 1015-ல். வழியிலேயே மூன்று வருஷம் போய்விட்டது, அனுப்பிய ராஜாவும் அதற்குள் காலமாகிவிட்டார். இங்கே தஞ்சாவூரில் அப்போதும் யாராவது, இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் கொடுக்கிறோம், விசிட் விசாவில் போய் வேலை பார் என்றால் தலையாட்டுகிறோம். பத்தாவது தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக முறையாகக் குடிபெயர்வு அனுமதி வாங்கினால் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயில் 10 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. விசிட் விசாவில் போகிறவனுக்கு அது கிடையாது. அப்புறம் ஒன்று நடந்தால் தூதரகம் தூங்குகிறது என்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது புறப்படுவதாக இருந்தால், அவர் பாஸ்போர்ட்டையும் மனைவியின் ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனைவி பெயர் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரியே பார்த்துவிடுங்கள்.