என் லேப்டாப்பில் ஓடும் ஆட்டோமேஷன் டெஸ்ட், ராத்திரி சர்வரில் ஏன் ஓடவில்லை? மவுஸ், கீபோர்டை கோடு (நிரல்) வழியாக அழுத்த எது சரியான வழி?

கேள்வியில் இருப்பது இதுதான்: விண்டோஸ் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றுக்கு டெஸ்ட் எழுதுகிறீர்கள், மவுஸ் கிளிக்கையும் கீபோர்டு தட்டலையும் கோடு வழியாக அனுப்ப போஸ்ட்மெசேஜ், சென்ட்இன்புட், யூஐ ஆட்டோமேஷன் என்று மூன்று வழி சொல்கிறார்கள், எதை எடுப்பது, லேப்டாப்பில் ஓடுவது சர்வரில் ஏன் நின்றுவிடுகிறது.

பெங்களூரில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஏழு வருடமாக டெஸ்டிங் பார்க்கிறேன். நீங்கள் கேட்ட இரண்டிலும் நன்றாக அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு விரல் கீயைத் தொட்டதிலிருந்து உங்கள் பெட்டியில் எழுத்து விழும்வரை நடுவில் பல கை மாறுகிறது. கீபோர்டு, அதன் டிரைவர், விண்டோஸின் உள்ளீட்டு வரிசை, இப்போது ஃபோகஸ் (தட்டல் போய் விழ வேண்டிய இடம்) யாரிடம் என்று பார்ப்பது, அந்த விண்டோவின் மெசேஜ் வரிசை, கடைசியில்தான் நீங்கள் எழுதிய கோடு. டெஸ்டில் நாம் செய்வது இந்த வழியில் எங்கோ நடுவில் ஏறிக்கொள்வது. பெங்களூரில் மெஜஸ்டிக்கிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் பஸ்ஸில் நடுவழியில் சில்க் போர்டில் ஏறுகிற மாதிரி. ஏறிய இடத்துக்கு முன்னால் ரோடு எப்படி இருந்தது என்று உங்கள் டெஸ்ட்டுக்குத் தெரியவே தெரியாது.

போஸ்ட்மெசேஜ் கடைசி நிறுத்தத்தில் ஏறுவது. ஒரு விண்டோவுக்கு நேராக 'கீ அழுத்தப்பட்டது' என்று செய்தி போடுகிறீர்கள். வேகமாக இருக்கும், மவுஸ் அசையாது, ஸ்கிரீனில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓடவிடலாம். ஆனால் கன்ட்ரோல் கீ நிஜமாகவே அழுந்தியிருக்கிறதா என்று செயலி கேட்டால் விண்டோஸ் இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் கீபோர்டின் நிலை மாறவில்லை. கன்ட்ரோல் எஸ் மாதிரி ஷார்ட்கட்கள் அங்கேயே படுத்துவிடும். இன்னொன்று இதைவிட மோசம். முன்னால் ஒரு எச்சரிக்கை டயலாக் வழியை மறித்து நின்றாலும் பின்னால் இருக்கும் விண்டோவுக்குப் போட்ட செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மனிதரால் அழுத்தவே முடியாத பட்டனை உங்கள் டெஸ்ட் அழுத்திவிட்டு பச்சை விளக்கு காட்டும். டபிள்யூபிஎஃப் (மைக்ரோசாஃப்டின் ஸ்கிரீன் அமைக்கும் முறை) செயலி என்றால் இந்த வழியே அநேகமாக அடைபட்டது, உள்ளே இருக்கும் பட்டன்களுக்குத் தனித்தனி விண்டோ ஹேண்டில் (செய்தி அனுப்பத் தேவையான அடையாள எண்) கிடையாது.

யூஐ ஆட்டோமேஷன் வேறு மாதிரி. பார்வையற்றோருக்கான ஸ்கிரீன் ரீடர்கள் நுழையும் அதே வாசல். 'இந்த ஐடி உள்ள பட்டனை இயக்கு' என்று பெயர் சொல்லிக் கேட்கிறீர்கள், பட்டன் இடம் மாறினாலும் டெஸ்ட் உடையாது. உங்கள் டெஸ்ட்களில் பெரும்பகுதியை இதில் எழுதுங்கள் என்பதுதான் என் கருத்து. டெவலப்பர்களிடம் ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் (பட்டன், பெட்டி மாதிரி ஸ்கிரீனில் இருப்பவை) ஆட்டோமேஷன் ஐடி வைக்கச் சொல்லி விடாமல் நச்சரியுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். பைதானில் எழுதுபவர் என்றால் பைவின்ஆட்டோ என்ற லைப்ரரி போதும். அதில் கிளிக் என்று ஒன்றும் கிளிக் இன்புட் என்று ஒன்றும் இருக்கும். இரண்டாவதுதான் நிஜ மவுஸை நகர்த்தி அழுத்துவது, பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

சென்ட்இன்புட் நாம் ஏறக்கூடிய இடங்களில் நல்ல ஆரம்பத்தில் இருப்பது. விண்டோஸின் உள்ளீட்டு வரிசையிலேயே போய் விழுகிறது, ஃபோகஸ் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது, நிஜ விரல் போல. இது எப்போது கட்டாயம் வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது அல்சூரில் ஒரு மளிகைக் கடை.

எங்கள் மென்பொருளில் பொருளை ஸ்கேன் செய்ததும் அளவுப் பெட்டிக்கு ஃபோகஸ் போகும், டேட்டாபேஸிலிருந்து பொருளின் பெயரும் விலையும் வந்ததும் ஃபோகஸ் மறுபடி பார்கோடு பெட்டிக்குத் திரும்பும். நூற்றுக்கு மேல் டெஸ்ட் வைத்திருந்தோம், எல்லாம் பச்சை. கடையில் மட்டும் பில் அடிக்கடி தப்பாகிறது என்று புகார் வந்தபடியே இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயந்திரம், கூட்ட நேரம் பார்த்து நேரிலேயே போய் கவுன்டர் பக்கத்தில் நின்றேன். பில் போடும் அக்கா தர்மபுரிக்காரர். என்னைப் பார்த்ததும், "தம்பி, நீங்களே பாருங்க, நான் ஒண்ணுதான் அடிச்சேன், இது எண்ணூத்தி தொண்ணூறுங்குது" என்று ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். ஒரு பாக்கெட் ரஸ்க், அளவு 890. அதற்குக் கீழே 'பொருள் இல்லை' என்று ஒரு சிவப்பு வரி.

அந்த 890-ஐப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தியாவில் பதிவான பார்கோடுகள் 890 என்றுதான் தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். ஸ்கேனர் என்பது கணினியைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டுதான், 13 எண்ணையும் கண் இமைக்கும் நேரத்தில் தட்டிவிட்டு ஒரு என்டரும் தட்டும். அக்காவின் கை பழகிய கை, முதல் பொருளுக்கு விலை வரும்முன்பே அடுத்த பொருளை ஸ்கேனருக்குக் காட்டிவிடுகிறார். ஃபோகஸ் இன்னும் அளவுப் பெட்டியில்தான் இருக்கிறது. அடுத்த பொருளின் முதல் மூன்று எண் அங்கே விழுகிறது, அந்த நொடியில் விலை வந்து ஃபோகஸ் தாவுகிறது, மிச்சப் பத்து எண் பார்கோடு பெட்டியில் விழுகிறது, அப்படி ஒரு பொருளே கிடையாது.

எங்கள் டெஸ்ட் இதை ஏன் பிடிக்கவில்லை? ஒவ்வொரு பொருளுக்குப் பிறகும் நான் ஒரு நொடி ஸ்லீப் (சும்மா காத்திரு என்ற கட்டளை) போட்டிருந்தேன். டெஸ்ட் ஆடாமல் நிற்க வேண்டும் என்று நான் போட்ட அதே ஒரு நொடிதான் பிழையை மூடி மறைத்தது. ஸ்லீப் கெட்டது, நிலைமை மாறும்வரை காத்திருக்கும் வெயிட் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், பொதுவாகச் சரிதான், ஆனால் இங்கே அதுவும் உதவியிருக்காது. ஃபோகஸ் திரும்பும்வரை பொறுமையாகக் காத்திருந்து அடுத்ததை அனுப்பும் டெஸ்ட், சாயந்திரக் கூட்டத்தில் நிற்கும் அக்காவைவிடப் பொறுமைசாலி. அவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.

திங்கட்கிழமை புது டெஸ்ட் எழுதினேன். 13 எண்ணும் என்டரும் சேர்த்து 14 கீ, ஒவ்வொன்றும் அழுத்துவது ஒன்று, விடுவது ஒன்று, ஆக 28 உள்ளீடு. இந்த 28-ஐயும் ஒரே சென்ட்இன்புட் அழைப்பில் கொடுத்தால் நடுவில் வேறு எந்த உள்ளீடும் புகாமல் வரிசையாகப் போகும், அதற்காகவே செய்யப்பட்ட வசதி அது. இரண்டு பொருளை இப்படி இடைவெளி இல்லாமல் அனுப்பியதும் அல்சூரில் பார்த்த தப்பு என் மேஜையிலேயே வந்தது. அளவுப் பெட்டிக்கு ஃபோகஸ் தானாகப் போவதையே எடுத்துவிட்டோம், அளவு மாற்ற வேண்டுமானால் அதற்கென்று ஒரு கீ. அந்த டெஸ்ட் இன்றைக்கும் ஒவ்வொரு பில்டிலும் (மென்பொருளைப் புதிதாகத் தொகுக்கும்போதெல்லாம்) ஓடுகிறது.

இதில் புதிதாக எதுவும் இல்லை. 1983-லேயே, மேக்கின்டாஷ் வெளிவருவதற்கு முந்தைய வருடம், ஆப்பிளில் ஸ்டீவ் காப்ஸ் 'மங்கி' என்று ஒரு சின்ன நிரல் எழுதினார், கண்ணுக்குத் தெரியாத குரங்கு உட்கார்ந்து அடிப்பதுபோல மவுஸையும் கீயையும் தாறுமாறாக, வெகு வேகமாக அழுத்தும். நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் டெஸ்ட்டுக்கு அகப்படாத பிழைகள் அதற்கு அகப்பட்டன.

சரி, சர்வர் விஷயம். சென்ட்இன்புட்டுக்கு உயிருள்ள டெஸ்க்டாப் வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போய் டெஸ்ட்டைத் தட்டிவிட்டு, விண்டோவை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள் இல்லையா, அந்த நிமிஷமே சர்வரில் உங்கள் லாகின் செஷன் பூட்டிக்கொள்கிறது, அழுத்துவதற்கு அங்கே ஸ்கிரீனே இல்லை. மினிமைஸ் செய்தாலும் பல சமயம் இதே கதி. டெஸ்ட்களைத் தானாக ஓடவிடும் ஜென்கின்ஸின் ஏஜென்ட்டை விண்டோஸ் சர்வீஸாக (பின்னணியில் ஓடும் நிரலாக) ஓடவிட்டிருந்தால் இன்னும் மோசம். விஸ்டா காலத்திலிருந்தே சர்வீஸ்கள் எல்லாம் செஷன் பூஜ்யம் என்ற தனி அறையில் இருக்கின்றன, உங்கள் டெஸ்க்டாப்பை அவற்றால் தொட முடியாது. தனியாக ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்து, அதில் தானாக லாகின் ஆகும்படி செய்து, லாக் ஸ்கிரீனையும் ஸ்கிரீன் சேவரையும் அணைத்து, ஏஜென்ட்டைச் சாதாரண புரோகிராமாக ஸ்டார்ட்அப்பில் போடுங்கள். எட்டிப் பார்க்க வேண்டுமானால் விஎன்சி (தூரத்திலிருந்து ஸ்கிரீனைப் பார்க்கும் மென்பொருள்), அதை மூடினாலும் செஷன் பூட்டாது. உடனடிச் சமாளிப்பு வேண்டுமென்றால் விண்டோஸின் டிஎஸ்கான் கட்டளையால் செஷனை கன்சோலுக்கு (மெஷினின் சொந்த ஸ்கிரீனுக்கு) தள்ளிவிட்டு வெளியே வரலாம், ஆனால் அந்த மெஷின் பூட்டாமல் திறந்தே கிடக்கும் என்பதை உங்கள் ஐடி ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரெசல்யூஷனும் மாறிப்போகலாம்.

அட்மினாக ஓடும் செயலிக்குச் சாதாரண டெஸ்ட் நிரல் எதையும் அழுத்த முடியாது, விண்டோஸ் தடுத்துவிடும். தடுத்தேன் என்று சொல்லவும் சொல்லாது. சென்ட்இன்புட் எல்லாம் அனுப்பியாகிவிட்டது என்று எண்ணிக்கை தரும், பிழை எண்ணும் வராது, பெட்டி மட்டும் காலி. இதில் எனக்கு இரண்டு நாள் போயிற்று. இரண்டையும் ஒரே உரிமையில் ஓடவிடுங்கள்.

ஸ்கிரீன் ஸ்கேலிங்கையும் பாருங்கள். உங்கள் லேப்டாப் 125 சதவீதத்திலும் சர்வர் 100 சதவீதத்திலும் இருந்தால், லேப்டாப்பில் (1000, 600) இருக்கும் பட்டன் சர்வரில் (800, 480). பிக்சல் எண்ணைக் கோடில் எழுதாமல், கன்ட்ரோலிடமே அதன் இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழில் பெயர் அடிக்கும் டெஸ்ட் இருந்தால் ஒரு வார்த்தை. பைதானின் பைஆட்டோகுயி லைப்ரரியில் இருக்கும் ரைட் கட்டளை தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பலர் கிளிப்போர்டில் வைத்து ஒட்டுகிறார்கள், அப்போது கீ அழுத்தமே நடப்பதில்லை, தேடல் பெட்டி ஒவ்வொரு எழுத்துக்கும் செய்ய வேண்டிய வேலை டெஸ்ட் ஆகாது. சென்ட்இன்புட்டில் யூனிகோட் கொடி என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் தமிழும் எழுத்தெழுத்தாகப் போகும். அப்புறம், 'கொத்தமல்லி'யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அனுப்பலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கோடுக்கு வேறு வேறு. ஒசூர்ப் பக்கக் கடைகளில் எங்கள் தேடலில் கொத்தமல்லி அகப்படாமல் போனது இதனால்தான். இரண்டு விதமாகவும் அடித்து டெஸ்ட் எழுதுங்கள்.

பிரவுசர் செயலிக்கு இத்தனை பாடு இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டால் கிளிக் நிகழ்வை நீங்களே உருவாக்கி அனுப்பாதீர்கள், அது நம்பகமானது அல்ல என்று பிரவுசரே அதில் குறித்துவைக்கும், மேலே ஏதாவது பேனர் மறைத்திருந்தாலும் கிளிக் நடந்துவிடும். பிரவுசரை இயக்கும் கருவிகளான செலினியத்திலோ பிளேரைட்டிலோ இருக்கும் சாதாரண கிளிக்கையே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று. ஷிஃப்ட்டை அழுத்திய டெஸ்ட் அதை விடுவதற்குள் செத்துப்போனால், அந்த மெஷினில் ஷிஃப்ட் அழுந்தியபடியே கிடக்கும், அடுத்து வரும் டெஸ்ட்கள் எல்லாம் காரணம் தெரியாமல் விழும். ஒவ்வொரு டெஸ்ட்டின் முடிவிலும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் மூன்றையும் விடுவிக்கும் வரியை ஃபைனலி பகுதியில் போட்டுவிடுங்கள்.