நிர்வாகக் குழுவும் ஜெபமும்

கேள்வி: எங்கள் ஆலய நிர்வாகக் குழு இரண்டு நிமிட ஜெபத்துடன் தொடங்கி, இரண்டு மணித்தியாலம் கணக்கையே பேசுகிறது. இது போதுமா? – வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: போதாது என்றே நினைக்கிறேன். ஆதிச் சபையின் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டு முறுமுறுப்பு எழுந்தபோது, அந்தப் பொறுப்பை ஏழு பேரிடம் ஒப்படைத்துவிட்டு, தாங்கள் ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் தரித்திருப்பதாக அப்போஸ்தலர் கூறியதை வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. கணக்கு வேலை தாழ்ந்தது என்பதல்ல. அந்த எழுவர்மீதும் ஜெபித்தே கைகளை வைத்தார்கள். இயேசுவும் தம் பன்னிரு அப்போஸ்தலரைத் தெரிவுசெய்யுமுன் இராமுழுவதும் மலையில் ஜெபித்தார். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுத்தாக்குதலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் ஊரில், துயருற்ற ஒரு குடும்பத்தின் பெயரையேனும் சொல்லி மன்றாடாமல் கூரைச் செலவுக்குத் தாவுவது எனக்கு வேதனை தருகிறது. அடுத்த கூட்டத்தில் கணக்குக் கொப்பியைத் திறக்குமுன், நோயுற்றோரின் பெயர்ப் பட்டியலை மேசையில் வையுங்கள்.