நான்காவது டிரான்சிஸ்டர் வாங்குவதற்கு முன்

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: '1980களின் நடுவில் அப்பா வாங்கிய 20 அங்குல கலர் டி.வி. நின்றுவிட்டது. மெக்கானிக் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரை மூன்று முறை மாற்றியும் சில நிமிடங்களில் ஷார்ட் ஆகிவிடுகிறது. செட்டைக் கழித்துவிடலாமா?'

கழிக்க வேண்டாம், நான்காவதையும் இப்போது வாங்க வேண்டாம். பிக்சர் டியூபுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மரை நொடிக்கு 15,625 முறை இயக்கி நிறுத்துவது இந்த டிரான்சிஸ்டர்தான். அது திரும்பத் திரும்ப எரிந்தால், கோளாறு பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள பாகங்களில் இருக்கும். முதல் சந்தேகம், டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளில் (பேஸ், எமிட்டர், கலெக்டர்) கலெக்டரில் இணைந்துள்ள டியூனிங் கண்டன்சர் (மின்தேக்கி) மீது விழ வேண்டும். அதன் மதிப்பு குறைந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டர் தாங்கக்கூடிய 1,500 வோல்ட்டைத் தாண்டிவிடும். அதே மதிப்பில், 1,600 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்கும் கண்டன்சரையே போடச் சொல்லுங்கள். ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மரையும் சப்ளை வோல்ட்டேஜையும் அடுத்துப் பார்க்க வேண்டும்.

போலிகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நேர்மையான கடைகள் உண்டு. ஆனால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு 'பி.யு.208டி' என்று இவ்வகை டிரான்சிஸ்டரின் எண்ணைப் புதிதாக அச்சடித்த சரக்கும் அங்கே கைமாறுகிறது. எரிந்துபோன ஒன்றின் உலோக மூடியை அறுத்துப் பார்த்தால், பெரிய சிலிகான் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் எள்ளளவு துணுக்குதான் ஒட்டியிருக்கும். பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

டிரான்சிஸ்டர் எரிந்ததா என்று சோதிப்பதில் ஒரு விதிவிலக்கை நன்றாக மனத்தில் வையுங்கள். பெயரின் இறுதியில் 'டி' உள்ள வகையில், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் அளவுள்ள ரெசிஸ்டரும், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடும் உள்ளேயே அமைந்திருக்கும். மல்டிமீட்டரில் பேஸ்-எமிட்டர் இடையே குறைந்த ஓம் காட்டுவதைப் பார்த்து, நல்ல டிரான்சிஸ்டரையே 'ஷார்ட்' என்று தூக்கி எறிகிறார்கள். 'டி' இல்லாத வகையை அதன் இடத்தில் போட்டால், டயோடு இல்லாமல் அதுவும் எரிந்துபோகும்.

'போர்டே போய்விட்டது, பார்ட்ஸ் வராது' என்று சொல்லி, எடை போட்டு விலை பேசும் தரகரிடம் செட்டைக் கொடுக்காதீர்கள். அதைப் பழம்பொருள் என்று பல மடங்கு விலைக்கு விற்பவரும் அவரே. மின்கழிவு விதிகள் செட்டை எங்கே ஒப்படைப்பது என்று விரிவாகப் பேசுகின்றன. பழுதுபார்ப்பவர் கையில் ஒரு சர்க்யூட் வரைபடம் கிடைக்க யார் பொறுப்பு என்பதைச் சொல்லவில்லை. இந்த அலட்சியத்தால்தான் நல்ல செட்டுகள் குப்பைக்குப் போகின்றன.

பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். புது டிரான்சிஸ்டர் போட்டபின், மின்இணைப்பில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து ஓட்டிப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் மேலே போகலாம். மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உடனே அணைத்துவிட்டு, ஈ.எச்.டி.யை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.