குடியிருப்பும் தொழிற்கூடமும் ஒரே கூரையின் கீழ்: கூடுதல் செலவு கட்டடத்துக்கா, ஏசிக்கா?

கேள்வி: நான் தனியாகத் தொழில் செய்யும் வரைகலை வடிவமைப்பாளர். வெப்பமண்டல நகரம் ஒன்றில், வீட்டுக்கும் அலுவலக அறைக்கும் தனித்தனியாக வாடகை கொடுத்து வருகிறேன். எனக்குச் சொந்தமான சிறு மனையில், தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் பொருத்தமான 30 சதுர மீட்டர் ஸ்டூடியோ ஒன்றைக் கட்ட நினைக்கிறேன். செலவில் 80 சதவீதத் தொகை சேமிப்பாகக் கையில் இருக்கிறது. கூரைக்கு வெப்பத்தடுப்பு, மேற்குச் சுவருக்கு நிழல், எதிரெதிர் ஜன்னல்கள் ஆகியவற்றுக்காகக் கட்டடக் கலைஞர் 12 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார். அவற்றைத் தவிர்த்துவிட்டுப் பெரிய ஏசி வாங்கிக்கொள்ளலாமா? சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதிக்கு மட்டும் கடன் வாங்குவது சரியா?

பதில்: முதல் கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அதற்கான காரணம் உங்கள் கட்டடத்தின் பயன்பாட்டிலேயே இருக்கிறது. சாதாரண வீட்டில் வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பலரும் வெளியே இருப்பார்கள். சாதாரண அலுவலகம் இரவில் பூட்டிக் கிடக்கும். நீங்களோ பகலில் 8 மணி நேரம் வேலை செய்து, இரவில் 8 மணி நேரம் அதே கூரையின் கீழ் உறங்கப் போகிறீர்கள். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி, மாலைக்குப் பிறகும் வெகுநேரம் அதை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, மற்றவர்கள் பாதி நாள் மட்டும் சந்திக்கும் வெப்பத்தை நீங்கள் இருவேளையும் சந்திப்பீர்கள். வெப்பத்தடுப்புக்குப் போட்ட பணமும் அதே அளவுக்கு விரைவாகத் திரும்பி வரும்.

கணக்கை யூனிட்டில் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் ஏசி சுமார் ஒரு கிலோவாட் மின்சாரம் எடுக்கும். அது நாளொன்றுக்கு 16 மணி நேரம், இடையிடையே கம்ப்ரசர் ஓய்ந்து ஓடினால், தோராயமாக 10 யூனிட் செலவாகும் என வைத்துக்கொள்ளுங்கள். கூரையும் நிழலும் அதில் 3 யூனிட்டைக் குறைத்தால், ஆண்டில் 300 நாட்களுக்கு 900 யூனிட் மிச்சம். உங்கள் ஊர் மின்கட்டணத்தால் இதைப் பெருக்கி, கட்டடக் கலைஞர் கேட்கும் கூடுதல் தொகையை அந்த விடையால் வகுத்தால், முதலைத் திரும்ப எடுக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது தெரிந்துவிடும். இதில் ஏசியின் விலை வித்தியாசத்தையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றும் செலவையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு இன்னும் உங்கள் பக்கமே சாயும்.

பெரிய ஏசி இன்னொரு வகையிலும் நஷ்டம். தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால், அது அறையை விரைவில் குளிரச் செய்து, காற்றிலுள்ள ஈரத்தை முழுமையாக எடுப்பதற்கு முன்பே நின்றுவிடும். ஈரம் தங்கிய அறையில் காகிதம் நெளியும், கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உங்கள் தொழிலுக்கு இவை நேரடிச் செலவுகள்.

அதற்காக 12 சதவீதத்தையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மதிப்பீடு கேளுங்கள். வெப்பமண்டலத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ தலைக்கு நேராக இருப்பதால், கூரையே மிக அதிக வெயிலைத் தாங்குகிறது. ஆகவே முதல் பணம் கூரைக்குத்தான். வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறிய தாழ்வாரமே போதும். தாழ்ந்து வரும் மாலை வெயிலோ தாழ்வாரத்துக்கு அடியில் புகுந்துவிடும் என்பதால், மேற்கில் செங்குத்தான தடுப்பு தேவை. ஆனால் விலை உயர்ந்த அலங்காரப் பலகைகளுக்குப் பதிலாகக் குளியலறையையும் அலமாரிகளையும் அந்தப் பக்கம் அமைத்தால், தடுப்புச் செலவில் ஒரு பகுதி குறையும். ஜன்னல்களின் இடத்தையும் சுவருக்குள் செல்லும் மின்குழாய்களையும் இப்போதே சரியாகச் செய்துவிடுங்கள். பின்னால் மாற்றுவது பல மடங்கு செலவு. மடக்குக் கட்டிலும் மேசையும் வருமானம் வரும்போது வாங்கிக்கொள்ளக் கூடியவை.

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. மாதச் சம்பளம் இல்லாத ஒருவர் கையிருப்பு முழுவதையும் கட்டடத்தில் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் ஒருவர் பணம் தரத் தாமதித்தாலே தவணை தவறும். வீடும் தொழிலும் ஒன்றாக இருப்பதால் அந்த ஒரு தவறு இரண்டையும் ஆட்டிவிடும். குறைந்தது 9 மாதக் குடும்பச் செலவையும் தொழில் செலவையும் முதலில் ஒதுக்கி வையுங்கள்; கட்டுமானத்தில் எதிர்பாராமல் வரும் வேலைகளுக்கு மேலும் 10 சதவீதம் வேண்டும். இதனால் கடன் 20 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்தாலும் தயங்க வேண்டாம். கடன் காலத்தை மட்டும் நீட்டாதீர்கள். 9 சதவீத வட்டியில் 100 கடனை 10 ஆண்டுகளில் அடைத்தால் மொத்தம் சுமார் 152 கட்டுவீர்கள். 20 ஆண்டுகள் என்றால் 216. மாதத் தவணையை இப்போது கொடுக்கும் இரண்டு வாடகைகளின் கூட்டுத் தொகைக்குள் நிறுத்துங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லாத கடனாகவும் அது இருக்கட்டும்.

அந்த மனையில் தொழில் நடத்த அனுமதி உண்டா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் பெறுங்கள். வேலைப் பகுதிக்குத் தனி மீட்டர் வைத்தால் வரிக்கணக்கில் தொழில் செலவைப் பிரித்துக் காட்டுவது எளிது. வீட்டுக் காப்பீடு தொழில் கருவிகளை ஏற்காமல் போகலாம் என்பதால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏசிக்கான மின்இணைப்பையும் வடிகால் குழாயையும் வைத்துக் கட்டி முடித்துவிட்டு, வெயில் கடுமையான மாதங்களில் சில வாரங்கள் மின்விசிறியோடு மட்டும் அங்கே வேலை செய்து பாருங்கள். எத்தனை டன் ஏசி தேவை என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.