பேரன் பெயரும் பிறந்த வருஷமும் போதுமா?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பென்ஷன் கணக்குக்கு இப்போதுதான் நெட் பேங்கிங் வாங்கினேன். பேரன் பெயரோடு அவன் பிறந்த வருஷத்தைச் சேர்த்து, 'ஏ' வரும் இடத்தில் '@' போட்டு பாஸ்வேர்டு வைத்தேன். அது போதாது என்கிறான் மகன். கஷ்டமாக வைத்தால் எனக்கு மறந்துவிடும். டைரியில் எழுதி வைக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மகன் சொல்வது சரிதான் அம்மா. பேரனின் பிறந்தநாள் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருப்பீர்கள். கேக் மேலேயே பெயரும் வயதும் இருக்கும். '@' போடுவதாலும் பெரிய பலன் இல்லை. 'ஏ'க்கு '@', 'ஓ'வுக்குப் பூஜ்யம் என்று மாற்றிப் பார்ப்பதுதான் திருடர்களின் மென்பொருள் முதலில் செய்கிற வேலை.

சில தடவை தப்பாகப் போட்டாலே வங்கித் தளம் பூட்டிக்கொள்ளுமே, அப்புறம் என்ன பயம் என்று தோன்றலாம். வங்கிக் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆபத்து பெரும்பாலும் வேறு வாசல் வழியாகத்தான் வரும். புடவை வாங்கும் தளத்துக்கும் வங்கிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்போம். அங்கே களவு போனால் இங்கே போட்டுப் பார்ப்பார்கள். ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 2009-ல் 3 கோடிக்கும் அதிகமான பாஸ்வேர்டுகள் திருடு போயின. எந்தப் பூட்டும் போடாமல் அப்படியே எழுத்தாகச் சேமித்திருந்தார்கள். அதில் மிக அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அதனால் வங்கிக்கு வைப்பதை வேறெங்கும் வைக்காதீர்கள். உங்கள் மின்னஞ்சலுக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

சரி, மறக்காமல் எப்படி வைப்பது? நீளம்தான் பலம். தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, விரல் பட்ட இடத்தில் மூன்று சொல் எடுங்கள். நாமாக யோசித்தால் குலதெய்வம், ஊர், பிள்ளைகள் என்றுதான் மனசு போகும். சுண்டல், கம்பி, மின்னல் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் அடித்தால் 6, 5, 6, ஆக 17 எழுத்து. கம்பியின் நடு எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, முதல் சொல்லுக்குப் பின்னால் 47, இரண்டாவதற்குப் பின்னால் '#' போட்டால் 20 ஆகிவிடும். சில வங்கிகளில் அதுதான் உச்சவரம்பு. மின்னல் கம்பியில் இறங்கிச் சுண்டல் தெறிக்கிற மாதிரி ஒரு காட்சியை நினைத்துக்கொண்டால் மறக்காது. இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்துவிட்டது.

நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ழகரம் இருக்கும் சொல்லை இன்று ஒரு மாதிரி எழுதுவோம், அடுத்த மாதம் வேறு மாதிரி. நெடிலுக்கும் அதே கதை. மூன்று தடவை தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டு, கிளைக்கு வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டை மறந்தவர்களே இல்லை. ஆகவே ஒரே விதமாகத்தான் எழுத முடியும் என்கிற சொல்லாகப் பார்த்து எடுங்கள்.

டைரியில் எழுதலாம், தப்பே இல்லை. பீரோவுக்குள் இருக்கட்டும். யூசர் ஐடியும் கணக்கு எண்ணும் அதே பக்கத்தில் வேண்டாம். போனில் 'பென்ஷன் பேங்க்' என்று பெயர் போட்டுச் சேமிப்பதுதான் மோசம். போன் தொலைந்தால் ஓடிபியும் பாஸ்வேர்டும் ஒரே கைக்குப் போய்விடும். பிரவுசிங் சென்டரில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

எவ்வளவு நல்ல பாஸ்வேர்டானாலும் போலித் தளத்தில் அடித்தால் போச்சு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி நம் வங்கிகளின் முகவரிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாறியிருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மேனேஜர் பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லக் கூடாது. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, நாமே சொல்லிக் கொடுத்துப் பணம் போனால், வங்கிக்குத் தகவல் தரும் வரை ஆகும் நஷ்டம் நம்முடையது. தகவல் தந்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் சந்தேகம் வந்த நிமிஷமே வங்கியைக் கூப்பிடுங்கள், அடுத்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை. மகன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.