புதுச்சேரி கடலில் அலைச்சறுக்கு செய்யும்போது டால்பின் பக்கத்தில் வந்தால் பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம்; நாமாக நெருங்கிப் போகவும் வேண்டாம். தந்திராயன்குப்பம் பக்கம், செரினிட்டி கடற்கரையில் பல வருடங்களாகப் பலகையோடு இறங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தண்ணீரில் ஒரு துடுப்பு தெரிந்ததும் சுறா நினைவுதான் எல்லோருக்கும் வரும். அது நகரும் விதத்தைக் கவனியுங்கள். டால்பினின் வால் படுக்கை வாட்டில் இருப்பதால் உடல் மேலும் கீழுமாக வளையும். துடுப்பு எழுந்து, உருண்டு, அமிழ்ந்து, சற்றுத் தள்ளி மறுபடி எழும். சுறாவின் வால் செங்குத்தாக இருக்கும், பக்கவாட்டில் அசையும். அதனால் அதன் துடுப்பு ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போகும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். டால்பின் மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். கடற்காற்று கிளம்பாத காலை நேரத்தில், தலையுச்சித் துளை திறந்து ‘புஸ்’ என்று காற்று வெளியேறும் சத்தம் நன்றாகவே கேட்கும்.

ஒரு தை மாதக் காலையில், கல் தடுப்புக்கு வெளியே அலைக்காகக் காத்திருந்தபோது அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மடவை மீன் கூட்டம் ஒன்று கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து டால்பின்கள். ஒன்று என் பலகைக்கு அடியிலேயே சாய்ந்து போனது. சாம்பல் முதுகு, வெளிறிய வயிறு, துடுப்பின் பின்விளிம்பில் பழைய வெட்டு ஒன்று. போகிற போக்கில் பக்கவாட்டில் திரும்பி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அடுத்து எழும்பிய அலையின் சரிவுக்குள் இரண்டு, வாலை அடிக்காமலேயே சறுக்கிக்கொண்டு வந்தன. நம் பலகையைத் தள்ளும் அதே சரிவுதான் அவற்றையும் தள்ளுகிறது. ஆனால் அலை முறியப்போகும் நொடி அவற்றுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. நுரை விழுவதற்குள் அலையின் பின்பக்கமாக வெளியேறிவிட்டன. அந்த நேர்த்தி எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

“ஓங்கில் வந்தால் மீன் வந்திருக்கிறது, வலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் தம்பி” என்பார் குப்பத்து அண்ணன் ஒருவர். ஓங்கில் என்பது டால்பினின் தமிழ்ப் பெயர். அவை கரைக்கு வருவது பெரும்பாலும் இரைக்காகத்தான். முதுகில் திமில் உள்ள இனம் ஆழம் குறைந்த கரையோரத்தையே விரும்பும்.

டால்பின் மனிதரைக் காப்பாற்றும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2007-இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்ட டாட் எண்ட்ரிஸ் என்ற அலைச்சறுக்கு வீரர், டால்பின்கள் தன்னைச் சூழ்ந்து காத்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். அதற்காக அவற்றைக் காவலாளி என்று எண்ணிவிடக் கூடாது. வளர்ந்த குப்பிமூக்கு டால்பின் 200 கிலோவையும் தாண்டும், பற்கள் உண்டு, குட்டியோடு வரும் தாய்க்குக் கூடுதல் எச்சரிக்கை இருக்கும்.

எனவே பலகையில் உட்கார்ந்தபடி அசையாமல் இருங்கள். கை நீட்டித் தொடாதீர்கள், மீன் போடாதீர்கள். அவை ஏறிய அலையை அவற்றுக்கே விட்டுவிடுங்கள். எவ்வளவு கிட்டே வருவது என்பதை அவையே முடிவு செய்யட்டும்.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் சுற்றுலாப் படகுகளைப் பார்த்துத்தான். கூட்டம் தெரிந்ததும் எஞ்சினை முடுக்கி நாலாபுறமும் வளைக்கிறார்கள். டால்பின், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, அதாவது சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற விலங்கு. படகில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டால், ஏறுவதற்கு முன்பே “துரத்த வேண்டாம் அண்ணே, தூரத்திலேயே எஞ்சினைத் தணித்து நிறுத்துங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பயணியே கேட்டால் பெரும்பாலான படகோட்டிகள் மறுப்பதில்லை.