மீன் மட்டுமே தின்று நன்றாக இருக்கும் பூனைக்கு வேறு தீனி எதற்கு?

குளச்சல் பக்கம் வீடு. ஒன்றரை வயது ஆண் பூனை. மூன்று வேளையும் சாளை, நெத்திலி, மீன் வெட்டும்போது விழும் தலை, குடல். சோறு தொடாது, தடுப்பூசி எதுவும் போட்டதில்லை, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. இதுதான் நீங்கள் எழுதியிருப்பது.

வேறு தீனி தேவை. மீனை அடியோடு நிறுத்த வேண்டாம். அது தொடுகறியாக இருக்கட்டும், சாப்பாடாக இருக்கக் கூடாது.

முதலில் பச்சை மீன். சாளை, நெத்திலி சார்ந்த பல மீன்களில் தயமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ, அதாவது தயமினை, உடைத்துவிடும். உள்ளுறுப்புகளில்தான் அது அதிகம். நாம் பூனைக்குத் தள்ளிவிடுவதும் அதே குடலைத்தான். சில வாரங்கள் இப்படிப் போனால் முதலில் பசி குறையும், வாயில் எச்சில் ஒழுகும். பிறகு நடை தள்ளாடும், கண்மணி விரிந்தே இருக்கும், தலை நெஞ்சை நோக்கித் தொங்கும். அதற்கு அடுத்தது வலிப்பு. தலை தொங்கும் கட்டத்திலேயே டாக்டர் தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். வேகவைத்தால் இந்த நொதி செத்துவிடும் என்பதால் பச்சையாகக் கொடுப்பதை இன்றே நிறுத்தலாம்.

வேகவைத்துவிட்டால் எல்லாம் சரியா என்றால் இல்லை. சாளை கொழுப்பு மிகுந்த மீன், அந்தக் கொழுப்பு பூனையின் உடம்பில் இருக்கும் வைட்டமின் ஈ-யைத் தின்று தீர்த்துவிடும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மஞ்சளாகி, இறுகி, வீங்கும். மடியில் ஏறிப் படுத்த பூனை திடீரென்று தொட்டாலே கத்துகிறது, குதிக்கத் தயங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் பலரும் அடிபட்டிருக்கும் என்று நினைப்பார்கள். மாதக்கணக்கில் மீன் மட்டும் தின்ற பூனை என்று டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் நோய் பிடிபடத் தாமதமாகும்.

மீன் சதையில் சுண்ணாம்புச் சத்தும் போதாது. முள்ளோடு கொடுப்பதாக இருந்தால் குக்கரில் சிறு தீயில் 25 நிமிடம் வைத்து, விரலால் நசுக்கினால் முள் மாவாகும் பதத்துக்கு வந்த பிறகே கொடுக்க வேண்டும். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் என்ற சத்து தண்ணீரில் இறங்கிவிடும், ஆகவே அதையும் சேர்த்தே பிசையுங்கள். பெரிய மீனின் முள்ளை எவ்வளவு வேகவைத்தாலும் நம்ப முடியாது, எடுத்துவிடுங்கள். வீட்டு மீன்கறியில் மிஞ்சியது கூடவே கூடாது. அதில் அரைத்துச் சேர்த்த சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம்.

இனி அளவு. 4 கிலோ எடையுள்ள, வீட்டோடு இருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி போதும். காய்ந்த பாக்கெட் தீனி வகைக்கு வகை மாறும் என்றாலும் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி வரும். அப்படியானால் சுமார் 50 முதல் 70 கிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. சமச்சீர் இல்லாத எந்தத் தின்பண்டமும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. மீனில் அது ஒரு சின்ன சாளையின் சதை. கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும், பூனையும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் கணக்கு அதுதான். பாக்கெட் வாங்கும்போது வயதுக்கு ஏற்ற முழுமையான சமச்சீர் உணவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில பாக்கெட்டுகள் இடைத்தீனி மட்டுமே. நாய்த் தீனி ஆகாது, அதில் டாரின் போதாது.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகாது. வள்ளங்கள் போகும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அந்த நேரத்தில் ‘பசித்தால் தின்னும்’ என்று பாக்கெட் தீனியை வைத்துவிட்டு இருந்துவிடுவார்கள். பூனை விஷயத்தில் இது செல்லாது. குட்டியிலிருந்து ஒரே மணம், ஒரே பதத்துக்குப் பழகிய பூனை பட்டினி கிடக்குமே தவிர புதியதைத் தொடாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து மஞ்சள் காமாலை வரும். கொழுத்த பூனைக்கு இது சீக்கிரம் வரும். ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லை என்றாலே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆகவே மீன் மலிவாகக் கிடைக்கும் மாதங்களிலேயே மாற்றத் தொடங்குங்கள். முதல் மூன்று நாள் வழக்கமான வெந்த மீனில் கால் பங்கைக் குறைத்து, அதற்கு ஈடாகத் தீனியை மீன் வெந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து கொடுங்கள். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. பிறகு முக்கால் பங்கு தீனி. பத்து நாளில் முடியலாம், பிடிவாதக்காரப் பூனைக்கு ஒரு மாதமும் ஆகலாம். பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கினால் ஒரு படி பின்னால் போங்கள், பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். ஊறவைத்த தீனி நம் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. காய்ந்த தீனியும் ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் பூஞ்சை பிடிக்கும், ஆகவே பெரிய மூட்டை லாபம் என்று வாங்காமல் ஒரு கிலோவாக வாங்கி, பாக்கெட்டோடு மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைப்பதைவிட நல்ல வழி இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மீனில் முக்கால் பங்கு தண்ணீர், காய்ந்த தீனியில் பத்தில் ஒரு பங்குதான். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். இதுவரை 200 கிராம் மீன் தின்றபோது அதிலேயே பெரும்பகுதி கிடைத்துவிட்டது, தனியாகக் குடித்துப் பழக்கமில்லை. தீனிக்கு மாறியதும் மூத்திரம் கெட்டியாகும், உப்புப் படிகமும் சளி போன்ற கட்டியும் சேரும், ஆண் பூனையின் குறுகிய மூத்திரக் குழாயில் போய் அடைக்கும். தீனியை எப்போதும் ஈரமாக்கிக் கொடுப்பதும், மீசை இடிக்காத அகலமான கிண்ணத்தில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைப்பதும் இதற்காகத்தான். பால் வேண்டாம், பெரும்பாலான பெரிய பூனைகளுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்குத்தான் வரும்.

அடைப்பு வந்தால் அறிகுறி இப்படி இருக்கும்: அடிக்கடி உட்காரும், முக்கும், ஒரு சொட்டு வரும் அல்லது எதுவும் வராது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், வயிற்றைத் தொட்டால் கத்தும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். இரண்டும் செய்யாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையா, இரவா என்று பார்க்காமல் கொண்டுபோக வேண்டிய நோய் இது. வெளியே மணலில் போய்வரும் பூனை கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டுக்குள் ஒரு தட்டு பழக்குங்கள்: அகலமான பிளாஸ்டிக் தட்டில் நான்கு விரல் உயரம் மரத்தூளோ சலித்த மணலோ போட்டு, தீனி வைக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்து, தினமும் அள்ளிவிட வேண்டும். சலிக்காத மரத்தூள் தும்மல் வரவைக்கும்.

கடற்கரை வீடுகளுக்கு மட்டும் ஒன்று. தூண்டில் முள்ளும் தங்கூசி என்னும் நைலான் தூண்டில் நரம்பும் மீன் மணம் அடிப்பதால் பூனை விழுங்கும். வாயிலோ ஆசனவாயிலோ நரம்பு தொங்கினால் இழுக்கக் கூடாது. உள்ளே குடல் சுருங்கி அந்த நரம்பில் மாட்டியிருக்கும், இழுத்தால் அறுத்துவிடும். வெட்டாமலும் இழுக்காமலும் அப்படியே டாக்டரிடம் போங்கள்.

தெள்ளு இருக்கிறதா என்று அறிய பூனையை வெள்ளைத்தாள் மேல் நிறுத்திச் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் தூளில் ஈரம் பட்டதும் செங்காவி நிறம் விட்டால் அது தெள்ளின் எச்சம். பூனைக்கென்று விற்கும் பிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். நாய்க்கு வாங்கியதில் மீதியை விடாதீர்கள். பல நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். பினாயிலும் அப்படியே. அதைக் கொண்டு பூனையைக் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பூனையின் ஈரலுக்கு அந்த வகை ரசாயனத்தை உடைத்து வெளியேற்றும் திறன் குறைவு. தரை துடைத்தால் காய்ந்த பிறகே பூனையை உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் பாதத்தில் ஒட்டியதை நக்கிவிடும். அதே காரணத்தால்தான் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். காய்ச்சலுக்குக் கால் மாத்திரை என்று கொடுத்தாலும் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிச் செத்துவிடலாம். தெரியாமல் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் முக்கியம்.

வாலுக்கடியில் அரிசி மணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் வருவது, எனவே தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். எலி, பல்லி பிடிக்கும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து, குடற்புழு மருந்து. பல்லி, அரணை வழியாக வரும் ஈரல் புழுவுக்கு இந்த வழக்கமான அளவு போதாது. பல்லி தின்னும் பூனைக்குக் கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பூனைக்கு வயது ஒன்றரை என்பதால் மூன்று நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி இரண்டு முறை, மூன்று நான்கு வார இடைவெளியில், அதோடு வெறிநோய் ஊசி ஒன்று. அடுத்த வருடம் இரண்டும் மறுபடி. குட்டியாக இருந்தால் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி பன்னிரண்டு வாரத்தில்.

அந்த மூன்றில் பேன்லுக்கோபீனியா என்ற கழிச்சல்தான் குட்டிகளை வாரிக்கொண்டு போவது. அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், பினாயிலை நம்ப முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி பிளீச்சிங் திரவம் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அதன் பிறகும் தடுப்பூசி போட்ட பூனையைத்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

கருத்தடையும் செய்துவிடுங்கள். பெண் பூனை சூட்டுக்கு வருவது பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. குமரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வராது, அதனால் இங்கே பூனைக்கு ஓய்வு மாதமே கிடையாது. ஆண் பூனைகளின் சண்டையும் அப்படியே வருடம் முழுக்க. கடிபட்ட இடம் வெளியே ஆறி உள்ளே சீழ் கட்டும். அறுவைக்குப் பிறகு தீனியைக் கால் பங்கு குறைக்காவிட்டால் பூனை ஊதிவிடும்.

தடுப்பூசி போடாத இந்தப் பூனை யாரையாவது கடித்தாலோ நகத்தால் கீறி ரத்தம் வந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், அன்றே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.